மாதம் ஒரு கிளிக்

எட்டு மாதம் கப்பலில் இருந்துவிட்டுத் தூத்துக்குடி வீட்டுக்குத் திரும்பிய ஜாபேஸ், காபியைக் குடித்ததும் கையைக் கழுவினான். கை கழுவாமல் தன் ஃபிலிம் கேமராவை அவன் தொட மாட்டான். யாரையும் தொட விடவும் மாட்டான்; கப்பலுக்குப் போகும்போது மட்டும் ஆயிரம் நிபந்தனையோடு மனைவியிடம் ஒப்படைப்பான்.

"ஷெர்லி, தோல் உறைக்குள்ளயா வச்ச? பூஞ்சை புடிச்சிருமே!"

"இல்லங்க. காத்துப் புகாத டப்பால, சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வச்சேன்." அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லென்ஸை வாயால ஊதுனியா?"

"ரப்பர் பம்பாலதான் ஊதுனேன். உப்புக் காத்துன்னு ஜன்னலை அடைச்சிட்டுத்தான் வெளியவே எடுத்தேன்."

"மாசம் ஒருக்க ஃபிலிம் இல்லாம ஷட்டரை அடிக்கச் சொன்னேன்லா? இல்லன்னா ஒட்டிக்கிடும்."

"ஒண்ணாந்தேதி தவறல. எட்டுத் தடவை அடிச்சாச்சு."

திருப்தியாகத் தலையாட்டியவன், உள்ளே பார்ப்பதற்காகக் கேமராவின் பின்மூடியில் விரலை வைத்தான்.

"ஐயோ, திறக்காதீங்க!"

"ஏளா, என்ன பண்ணுன? கீழ போட்டுட்டியா?"

"உள்ள ஃபிலிம் இருக்கு. வெளிச்சம் பட்டா எட்டுப் படமும் போயிரும்."

"ஃபிலிம் போடாதன்னுல்லா சொன்னேன்! அப்படி என்னத்தை எடுத்த?"

"சும்மா அடிக்க மனசு வரல. ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் பீரோக் கண்ணாடி முன்னால நின்னு எடுத்தேன். நீங்க இல்லாதப்ப எப்படி வளந்துச்சுன்னு காட்டணும்லா?" என்று தன் நிறைமாத வயிற்றைத் தடவினாள்.

ஜாபேஸ் மூடியிலிருந்து விரலை எடுத்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. "அப்ப ஒம்பதாவது படம்?"

"அதை அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில நீங்க எடுங்க. ஆனா பிள்ளையைத் தொடுறதுக்கு முந்தி கையைக் கழுவணும், ஆமா!"