சான்றிதழுக்கு ஏறிய கொடி

கெர்டா தன் தோட்டத்துக் கம்பத்தில் கொடியேற்றினாள். டென்மார்க்கில் வீட்டில் பிறந்தநாள், விசேஷம் என்றால் அப்படித்தான் வழக்கம்.

வேலிக்கு மேலே லிஸ்பெத்தின் தலை முளைத்தது. "என்னடி, யாருக்குப் பிறந்தநாள்? எனக்குச் சொல்லாம கேக்கை வெட்டிட்டியா?"

கெர்டா நூலகத்தில் அச்செடுத்து வந்த காகிதத்தைத் தோழியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

சைகை மொழியில் தேர்ச்சி. சான்றிதழ்!

இணையத்தில் தேடியபோது, பாடமும் இலவசம், சான்றிதழும் இலவசம் என்றிருந்தது அது ஒன்றில்தான். அதற்குப் பிறகு அவள் வேறெதையும் படித்துப் பார்க்கவில்லை. பாடம் ஆங்கிலத்தில் ஓடியது. டென்மார்க்கில் பள்ளியிலேயே ஆங்கிலம் படித்தவளுக்கு அது ஒரு பொருட்டா? குளிர்காலம் முழுக்க, உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில்கூட அவள் கைகள் சும்மா இருந்ததில்லை.

எல்லாம் மறுபக்கத்துத் தோட்டத்து ஆஸ்கெருக்காக. பிறவியிலேயே அவருக்குக் காது கேட்காது.

போன வருடம், அக்கம்பக்கத்தார் கூடி உண்டு மூட்டும் நடுக்கோடை நெருப்புக்கு அவரைச் சீட்டு எழுதி அழைத்தார்கள். வந்தார். நீண்ட மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். நெருப்பு மூட்டுவதற்குள், தான் கொண்டுவந்த நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மடக்கிய நாற்காலியை கெர்டாவால் மறக்க முடியவில்லை.

இன்று மாலை மறுபடியும் நெருப்பு. இந்த வருடமும் சீட்டுப் போனது. 'வேண்டாம், நன்றி' என்று திரும்பி வந்தது.

ஆஸ்கெர் ஸ்ட்ராபெரிப் பாத்திக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். கெர்டா கையை வீசி அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தாள்.

பிறகு கைகளால் சொன்னாள்: மாலையில் என் பக்கத்தில் உட்காருங்கள். நாம் பேசலாம்.

ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

ஆஸ்கெர் புருவத்தைச் சுருக்கினார்.

மறுபடி சொன்னாள், இன்னும் நிதானமாக. அவர் புரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் சான்றிதழை வேலிக்கு மேலாக நீட்டினாள். வாங்கிப் படித்தார். அவர் தோள்கள் மெல்லக் குலுங்கத் தொடங்கின. கண்ணில் நீர் வரும் வரை சிரித்துவிட்டு, ஒரு சொல்லுக்குக் கீழே மண் படிந்த விரலை வைத்துக் காட்டினார்.

அமெரிக்க.

அது பாடம் நடத்தியவர்களின் ஊர் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சைகை மொழியும் நாட்டுக்கு நாடு வேறு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கடலுக்கு அப்பால் இருக்கும் மனிதர்களோடு பேசவல்லவா ஒரு குளிர்காலம் முழுக்கக் கற்றிருக்கிறாள்!

ஆஸ்கெர் காகிதத்தோடு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

"போச்சு, சான்றிதழும் போச்சு! முதல்ல அந்தக் கொடியை இறக்குடி," என்றாள் லிஸ்பெத்.

முகம் சிவக்க, கெர்டா கயிற்றில் கை வைத்தாள்.

தோட்டக் கதவு கிரீச்சிட்டது.

ஆஸ்கெர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

'டென்மார்க் சைகை மொழி. முதல் பாடம் இன்று, நெருப்பருகே. இலவசம். சான்றிதழ் மட்டும் லேசில் தரமாட்டேன்.'

கெர்டா கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் அக்குளில் இடுக்கி வந்த நாற்காலியை விரித்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

நெருப்பு மூட்ட இன்னும் வெகுநேரம் இருந்தது.