ஃபாதர் போட்ட அபராதம்

"நான் எந்தப் பாவமும் பண்ணலை ஃபாதர். எல்லாம் மெஷின் பண்றது."

மாதா கோயிலுக்குப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர் இப்படியா ஆரம்பிப்பார்? நம்ம அதிகாரி அப்படித்தான் ஆரம்பிச்சார்.

மருத்துவ இன்சூரன்ஸ் ஆபீஸ்ல அவருக்குப் பெரிய நாற்காலி. ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டு வர்ற விண்ணப்பங்களை முன்னெல்லாம் அஞ்சு பேர் உட்கார்ந்து படிப்பாங்க. அதுல ஒருத்தி படிச்சுட்டு மூக்கைச் சிந்திக்கிட்டே இருப்பா. அவ கதையை எடுத்தா பொழுது போயிடும், விடுங்க. இப்போ ஏஐ படிக்குது. அது 'இல்லை'ன்னா இவர் பட்டனை அமுக்குவார். வேலை முடிஞ்சது.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"ன்னார் ஃபாதர், திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஒரு அம்மா ஆபீஸுக்கே வந்து, 'என் பிள்ளைக்கு ஏன் இல்லைன்னீங்க?'ன்னு கேட்டாங்க. முழிச்சேன். நான் படிக்கவே இல்லையே!"

"உங்க மெஷினுக்கு மனசாட்சி உண்டா?"

"அதுக்கு ஏது ஃபாதர்?"

"அப்போ அதால பாவமும் பண்ண முடியாது. நாளைக்குக் கடவுள் உங்களைத்தான் கேட்பார். மெஷினையா கேட்பார்?"

இவருக்குச் சுருக்குன்னுச்சு. "சரி, அபராதமா எத்தனை ஜெபம் சொல்லணும்?"

"ஜெபம் இருக்கட்டும். இந்த வருஷம் 'இல்லை'ன்னு அனுப்பினதையெல்லாம் நீங்களே உட்கார்ந்து படிங்க. தப்பா இருந்தா திருத்துங்க. பிள்ளைகுட்டிக்காரங்களோடது முதல்ல."

"நானூறுக்கு மேல இருக்கே ஃபாதர்!"

"அமுக்கும்போது எண்ணிப் பார்த்தீங்களா?"

வீட்டுக்கு வந்து பொருமித் தீர்த்தார். "ஈவிரக்கமில்லாத மனுஷன்! அவருக்கென்ன, சொல்லிட்டார். கஷ்டம் யாருக்கு?"

அவர் மனைவி வாயைத் திறக்கிறதே அபூர்வம். திறந்தா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான். கல்யாணத்தன்னிக்கே மாமியார்கிட்ட... சரி, அது வேற கதை. "நீங்க படிக்காம விட்டதுல கஷ்டப்பட்டவங்க ஒருத்தர் பேராவது தெரியுமா உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

ஆறு வாரம் படிச்சார். அறுபத்தெட்டு பேருக்குத் தப்பா மறுத்திருந்தது. திருத்தினார். அந்த அம்மாவோட பிள்ளை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கே போயாச்சு.

மிச்சம் ஒரே ஒரு கோப்பு. இதய ஆபரேஷன். 'தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து'ன்னு டாக்டர் அடிக்கோடு போட்டிருந்தார். மனைவி, மக்கள் யாருமில்லை. அதனாலதான் கடைசிக்கு வந்திருக்கு. மறுத்த தேதி, இவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனதுக்குப் பத்து நாள் முன்னாடி.

பேரைப் பார்த்தார். முகவரியைப் பார்த்தார். ஃபாதரோட அதே மாதா கோயில்.

அனுமதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு, ஓட்டமா ஓடினார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஃபாதர்? முதல் வேலையா முடிச்சிருப்பேனே!"

ஃபாதர் சொன்னார்: "நீங்க பாவத்தை இறக்கி வைக்க வந்தீங்க. அந்த நேரம் பார்த்து நான் என் காரியத்தைச் சாதிச்சுக்கலாமா?"