பச்சையம்மாள் கேட்டில் நின்ற அன்று

1988இல் அரியலூர் பக்கம் ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்கள் யூனிக்ஸ் மெஷின் யாருடைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துக்கொள்ளாது. கல்லை மாவாக்குவது போல அரைத்து, புரியாத எழுத்துகளாகத்தான் வைத்திருக்கும். ஒரே சொல்லை இரண்டு பேர் கொடுத்தாலும் எழுத்துகள் வேறாகத்தான் வரும்.

எடைமேடையில் லாரி எடைகளை மெஷினில் பதிந்துகொண்டிருந்த கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் மண் சரிந்து இறந்துபோனார். அவர் மனைவி பச்சையம்மாள் நஷ்டஈட்டுக்காகக் கம்பெனி கேட்டில் வந்து நின்றார்.

"அவன் இங்க வேலையே பாக்கல. மெஷின்லேருந்து பேர அழிச்சிடும்மா," என்றார் மேனேஜர் என்னிடம்.

"பாத்தாரு சார். நான் அழிக்க மாட்டேன்."

மேனேஜரே அழித்தார். அந்த வேலைக்கு வந்த நடராசன் புதுப் பாஸ்வேர்டு கொடுத்தார். நடுவில் இரண்டு புள்ளிகளோடு, கொளஞ்சியப்பனுக்கு இருந்த அதே எழுத்துகள் வந்தன. மேனேஜர் நம்பாமல் தன் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார். அதே எழுத்துகள். அதற்குப் பிறகு மெஷின் அவரை உள்ளே விடவில்லை.

"என்ன பாஸ்வேர்டுதான் கேக்குது?" என்று கத்தினார்.

"கொளஞ்சியப்பன் வச்சதுங்க. அவரு இங்க வேலை பாத்தாருன்னு எழுதிக் குடுங்க சார். அவருகிட்டயே கேட்டுச் சொல்றேன்," என்றேன்.