முள் ஏறிய காரணம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் மீசையைச் சிரைத்துவிடலாம்.

லாரிக்காரர் தம் லாரியில் தாமே பொருத்திய, இன்ஜின் சூட்டைக் காட்டும் புது ஹீட் மீட்டரின் முள், மனைவி ஏறி உட்கார்ந்தாலே சிவப்புக்குத் தாவியது. எலக்ட்ரீஷியன் சென்சாரை மாற்றினார், எர்த் ஒயரை மாற்றினார். முள் மசியவில்லை.

“உன்ன ஏத்தினா இன்ஜின் கொதிக்குது, நான் என்ன பண்ண? உங்கம்மா வீட்டுக்கு இன்னொரு நாள் போலாம்” என்று லாரிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டார்.

மனைவி இருக்கையை விட்டு அசையாமல் எலக்ட்ரீஷியனைப் பார்த்தாள். “எல்லாத்தையும் மாத்திட்டீங்களே தம்பி, இவர ஒருதடவ இறக்கிப் பாருங்க.”

லாரிக்காரர் இறங்கினார். முள்ளும் இறங்கியது. அவருடைய கால்மிதிக்கு அடியில், மிதித்தால் முள் ஏறும்படி சென்சார் ஒயரோடு முடிந்த ஒரு பட்டன் இருந்தது.

“அட மனுஷா! எடுங்க வண்டிய. எங்கம்மா வீட்டுல பத்து நாள்!”

லாரிக்காரர் வண்டியைக் கிளப்பினார். பொழுது சாய்வதற்குள் மாமியார் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த லாரியின் இன்ஜினைப் போன வாரமே கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தார்கள்.