மாலை கேட்ட சம்மதம்

மாலை கழுத்தில் விழுவதற்கு முன்னால் அணிபவர் தன் வாயால் சம்மதம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பூக்கடையின் லைசென்ஸ் போய்விடும்.

மணமேடையில் பூக்கடைக்காரி கோமளவல்லி சம்மதம் பதிவுசெய்யும் தன் மெஷினை மணப்பெண் தமயந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அது கனிவாகக் கேட்டது: "பூ, நார், மகரந்தம் இவற்றால் எது நேர்ந்தாலும் கடை பொறுப்பல்ல. இந்த மாலையை மனமாரச் சம்மதித்து ஏற்கிறீர்களா?"

வழக்கமாக மணப்பெண்கள் அதைக் காதில்கூட வாங்காமல் "ஆமா" என்றுவிடுவார்கள். தமயந்தி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கல்யாணத்துல என்கிட்ட சம்மதம் கேட்டது இது மட்டுந்தான்," என்றாள், கோமளவல்லிக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு மெஷினிடம், "இல்ல," என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மேளம் நின்றது.

"என்னம்மா ஆச்சு?" என்று பெண்ணின் அப்பா கோமளவல்லியிடம் பதறினார்.

உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். மண்டபமே தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் வேறு ஏதோ வந்தது.

"பொண்ணுக்குப் பூ ஒத்துக்காதாம் சார். வேற ஒண்ணுமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. தமயந்தி அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

கோமளவல்லி வண்டிக்கு ஓடிப்போய், அவசரத்துக்கென்று வைத்திருந்த துணிமாலையைக் கொண்டுவந்தாள். பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே அதை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, மெஷினை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

துணிமாலைக்கு யாருடைய சம்மதமும் வேண்டாம்.