முப்பத்தைந்தாம் நாள்

"நீ எதுக்கு இங்க? போ, போய்த் தொட்டியில தண்ணி ரொப்பு."

மாட்டுக்கொட்டில் வாசலிலேயே மருமகளை மறித்துவிட்டாள் மாமியார். அந்தப் பெண் தொட்டிப் பக்கம் திரும்பிப் போனாள்.

கால்நடை டாக்டருக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணுக்குக் கரு கலைந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று பால் ஊற்றுமிடத்தில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"ஏம்மா, அவ பார்த்தா மாடு வெக்கப்படுமா?"

"அவ வேணாம் டாக்டரம்மா. நீங்க பாருங்க."

'இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ஜென்மம்!' தோள்வரை கையுறையை மாட்டிக்கொண்டாள் டாக்டர்.

பசுவுக்கு இதற்கு முன் நான்கு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அதனால்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து ஏழு நாள் வயதுக் கருவைக் கொண்டுவந்து பசுவின் கருப்பையில் வைத்தாள். முதல் தரக் கரு. வைத்து இருபத்தெட்டு நாள். ஆக, இன்று கருவுக்கு முப்பத்தைந்தாம் நாள்.

ஸ்கேன் கருவியைப் பிடித்த கையைப் பசுவின் பின்புறம் வழியே உள்ளே விட்டாள். திரையில் கறுப்பாய் நீர் வட்டம் தெரிந்தது. அதற்குள் அவரை விதை அளவில் கரு. நடுவில் மினுக் மினுக்கென்று துடிக்க வேண்டும்.

துடிக்கவில்லை.

கையை அசைக்காமல் ஒரு நிமிஷம் எண்ணினாள். மறுபடி ஒரு நிமிஷம். மூன்றாவது முறையும் எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தரமான கருதாம்மா. ஆனா வளர்ச்சி நின்னுடுச்சு. துடிப்பு…"

"மெதுவா, மெதுவா!" டாக்டரின் வாயைப் பொத்தாத குறை. மாமியாரின் கண்கள் வாசலுக்கு ஓடின. "இதே வார்த்தையைத்தான் அன்னிக்கு அவளைப் படுக்க வச்சுச் சொன்னாங்க. இன்னொரு தரம் அந்தப் புள்ள காதுல விழ வேணாம். அதுக்குத்தான் விரட்டினேன். பத்து நாள் கழிச்சுப் பார்க்கணும்னு சொல்லிடுங்க தாயி."

டாக்டருக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கூசியது. உறையை உருவ வேண்டியதற்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து, சற்று உரக்கவே சொன்னாள்: "தெளிவாத் தெரியல. பத்து நாள் கழிச்சு வந்து பார்க்கறேன்."

மாமியார் மாட்டை அவிழ்க்க உள்ளே போனாள். மருமகள் சோப்பும் சொம்புமாய் வந்து, டாக்டரின் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

"துடிப்பு இல்லதானே டாக்டரம்மா?"

டாக்டர் திடுக்கிட்டாள். "நீ… கேட்டியா?"

"கேக்கல. தொட்டிகிட்டேருந்து பார்த்தேன். கையை ஒரே இடத்துல வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் பேசாம நின்னீங்க. எனக்கு ஸ்கேன் பார்த்தவங்களும் அப்படித்தான் இருந்தாங்க."

டாக்டர் கழுவிய கையிலேயே மறுபடி சோப்பைத் தேய்த்தாள்.

அந்தப் பெண் கொட்டில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அத்தைகிட்ட மட்டும் இப்பச் சொல்லிடாதீங்க. நேத்துலேருந்துதான் அவங்க ரெண்டு வாய் ஒழுங்காச் சாப்பிடறாங்க."