உச்சி வெயில் பரிகாரம்

"கதவ சாத்து பூவாயி! அவன் வந்துட்டான்!"

பூவாயி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை. வெறும் வெயில்தான்.

"யாருய்யா வந்தது?"

"லோகுதான். கால எப்பிடிப் புடிச்சிகீறான் பாரு."

அவள் புருஷன் மாயவன் லுங்கியை விலக்கினான். முழங்காலுக்குக் கீழே கருநீலத் திட்டுகள். ஈரக் கை இறுக்கிப் பிடித்த தடம் போலவே இருந்தன. நேற்று அவை இல்லை. அவன் பேசப் பேச, ஈறிலிருந்து ரத்தம் கசிந்து உதட்டுக்கு வந்தது.



லோகு அவனுடைய கூட்டாளி. போன வருஷம் மாயவனின் படகில் ஏறிப் போனவன், கடலோடு போய்விட்டான். உடம்புகூடக் கரை ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து மாயவன் இருட்டறையை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னலுக்குச் சாக்குப் படுதா. மீன் குழம்பு வைத்தால், "லோகுவத் துன்ன மீனு" என்று சட்டியைத் தள்ளிவிடுவான். மூன்று வேளையும் வெறும் கஞ்சிதான்.

லோகுவின் பெண்டாட்டி பெயர் வேண்டா; பக்கத்து வீடு. சாவுச் செய்தி வந்த அன்று மாயவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றியவள். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

குப்பத்துக்கு மருத்துவ முகாம் வந்தபோது, டாக்டர் ஸ்டான்லியைப் பூவாயி கையோடு அழைத்து வந்தாள். மாயவன் கதவைத் திறக்கவில்லை. டாக்டர் ஜன்னல் படுதாவை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா." தெருவுக்கே கேட்கிற குரல் அவருக்கு. "காய், பழம் எதையும் தொடாததால உடம்புல வைட்டமின் சி இல்லாம போயிருக்கும். அதான் ஈறுல ரத்தம், லேசா பட்டாலே கன்னிப் போவுது. வெயிலும் படல, மீனும் திங்கல, வைட்டமின் டியும் போச்சு. அதான் எலும்பு வலி. எலுமிச்சை, நெல்லிக்கா குடுங்க. தினம் கொஞ்ச நேரம் வெயில்ல உக்கார வைங்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டு வாங்க, ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

அவர் கொடுத்த மாத்திரையை மாயவன் சுவரில் எறிந்தான்.

"நெல்லிக்கா துன்னா லோகு வுட்ருவானா?"

நாளுக்கு நாள் மோசமானான். ஒரு மத்தியானம் அறைக்குள்ளே பேச்சுக் குரல் கேட்டது. பூவாயி கதவில் காதை வைத்தாள். அவன் யாருக்கோ சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வரேன்டா மச்சான். ஒரு நாளு பொறு. நானே கடலுக்கு வந்துடறேன்."

அடுத்த பஸ்ஸிலேயே செய்யூருக்கு ஓடினாள். குப்பத்தில் யாருக்கு என்ன என்றாலும் அங்கே குறி சொல்லும் கேசவனிடம்தான் போவார்கள்.

கேசவன் உடுக்கையை அடித்துக் கண்ணை மூடினார்.

"லோகு இல்ல. செத்தவன் மேல பழி போடாதே. இது உசுரோட கீற பொம்பள வெச்ச சூனியம்."

"யாரு சாமி?"

"பக்கத்து வூட்டுக்காரி. வேண்டா."

பூவாயி பல்லைக் கடித்தாள்.

"பரிகாரம் கீது. உச்சி வெயில்ல, சட்டையில்லாம, கடலப் பாத்து உக்காரணும். எலுமிச்சம்பழம் மந்திரிச்சுத் தரேன், புழிஞ்சு குடிக்கணும். நெல்லிக்காய மென்னு துன்னணும். ஒரு மண்டலம்."

மாயவனிடம் சொன்னபோது அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நெஜமாவா? லோகு இல்லியா?"

குலுங்கிக் குலுங்கி அழுதான்.

உச்சிப் பொழுதில் முனி நடக்கும் என்று குப்பமே கதவடைத்திருக்கும் நேரம். ஆளில்லாத மணலில் அவன் மட்டும் வெறும் உடம்போடு உட்கார்ந்து நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தான். கதவிடுக்கில் பார்க்கிறவர்களுக்கே உடம்பு சிலிர்த்தது.

குழாயடியில் வேண்டாவின் குடத்தைப் பூவாயி எட்டி உதைத்தாள்.

"சூனியக்காரி! எம்புருசனையும் முழுங்கப் பாத்தியாடி?"

மற்ற பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். வேண்டா குனிந்தாள். நசுங்கிய குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளோடு குப்பத்தில் ஒருத்தரும் பேசவில்லை.

மாயவனின் காலில் இருந்த திட்டுகள் மஞ்சளாகி மறைந்தன. ஈறு கெட்டிப்பட்டது. சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றான். ஒரு நாள் காலையில், "இன்னா மீனு வந்துகீது இன்னிக்கு?" என்று கேட்டான்.

பூவாயி பழத்தட்டோடு கேசவன் காலில் விழுந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டா? எலுமிச்சை, நெல்லிக்கா, வெயிலு... டாக்டரும் இதையேதான் சொன்னாரு."

கேசவன் உடுக்கையை ஓரமாக வைத்தார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நீ வர்றதுக்கு முந்தி ஒரு பொண்ணு வந்துச்சு. டாக்டரு ஜன்னல்ல நின்னு சொன்னத அப்பிடியே ஒப்பிச்சுச்சு. 'மருந்துன்னா தொட மாட்டாரு, பரிகாரம்னா செய்வாரு. எம்புருசன் யாரையும் புடிக்கிற ஆளு இல்ல சாமி, செத்தும் அதுக்கு இந்தக் கெட்ட பேரு வாணாம்'னு அழுதுச்சு."



"அப்ப... வேண்டாதான் சூனியம் வெச்சான்னு ஏன் சாமி சொன்னீங்க?"

"அதையும் அதுதான் சொல்லச் சொல்லுச்சு. 'லோகு இல்லன்னா வேற யாருன்னு கேப்பாங்க. எம்பேரச் சொல்லுங்க சாமி, ஒடனே நம்புவாங்க'ன்னு."